கடைமடை

மூச்சை எண்ணப்போகிறேன் என்று
நோயாளியிடம் சொல்லக் கூடாது.
சொன்னால்
விருந்தாளி வந்த வீட்டைப்போல
மூச்சு தன்னைச் சரிசெய்துகொள்ளும்.
ஆகவே நாடி பிடிப்பதாகப் பாவனை.
விரல் மணிக்கட்டில், கண் போர்வையில்.

மன்னார்குடி ஆஸ்பத்திரி, ஆறாம் கட்டில்.
அறுவடை எந்திரம் ஓட்டும் சவரிமுத்து,
கால் முறிவு.
ஏறுகிறது, இறங்குகிறது.
நிமிடத்துக்குப் பதினான்கு.

ஒரு மூச்சுக்கு அரை லிட்டர்,
ஒரு பால் பாக்கெட் காற்று.
அதற்காக அவர் ஒன்றும் செய்யவில்லை.
விலாவுக்கடியில் குடைபோல் கவிந்த தசை
கொஞ்சம் தட்டையாகிறது, அவ்வளவுதான்.
வெளியே விட அதுவும் தேவையில்லை,
இழுத்த ரப்பர் தானே சுருங்குகிறது.
அவர் தூங்குகிறார்.
ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் மட்டும்
உள்ளே எங்கோ விழித்திருக்கிறான்.

வகுப்பில் நுரையீரல் வரையச் சொன்னபோது
கை நீடாமங்கலம் போய்விட்டது.
மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிவதுபோல்
குழாய் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து,
ஆறு வாய்க்காலாகி
வாய்க்கால் கன்னி வாய்க்காலாகி
இருபது தடவைக்கு மேல் கிளைத்துக்
கண்ணுக்கே தெரியாத வயல்கள்.
முப்பது கோடி.
ஒவ்வொரு வரப்புக்குள்ளும் ரத்தம் ஓடுகிறது.
மூச்சுக்காற்று கசிந்து கடக்குமளவு
மெல்லிய வரப்பு.

மார்ட்டினா மேடம் சிவப்பு மையில் எழுதினார்:
'ஆறு திரும்பி வராது.
மூச்சு போன வழியே வர வேண்டும்.'
வாஸ்தவம்தான்.
ஒரு மதிப்பெண் போயிற்று.

ராத்திரி எட்டு மணி.
சம்பா அறுத்து, தாள் செதுக்கிய வயலில்
நாலு விளக்கு, சுண்ணாம்புக் கோடு,
எதிரே திருத்துறைப்பூண்டிப் பெண்கள்.
கோட்டைத் தாண்டுமுன் ஒரே இழுப்பு.
அரை லிட்டர் இல்லை, இரண்டரை இருக்கும்.
கழுத்துத் தசைகூடக் கைகொடுக்க வந்துவிட்டது.
அப்புறம் மதகு இறங்கியது.

கபடி கபடி கபடி

பாடுகிறாள் என்று சொல்வார்கள்.
பாட்டா அது?
மூடிய மதகின் அடியில் கசிவு.
பதினைந்தாவது விநாடியில்
நெஞ்சை உள்ளிருந்து யாரோ தட்டுவார்கள்.
காற்று தீர்ந்துபோச்சு என்றுதான்
எட்டாம் வகுப்பிலிருந்து நினைத்திருந்தேன்.
தீர்வதைவிடச் சேர்வதுதான் தட்டுகிறதாம்.
தொடைகள் எரித்து முடித்த கழிவுக்காற்று
ரத்தத்தில் தேங்குகிறது,
மூளையின் அடித்தண்டு அதைத்தான்
ருசி பார்த்துக்கொண்டே இருக்கிறது.
இதை எங்களுக்கு
ஐப்பசி மழையே சொல்லியிருக்கிறது:
வராத தண்ணீர் பயிரைக் காயவிடும்,
வடியாத தண்ணீர் அழுகவிடும்.

கபடி கபடி

வலது மூலை ஆரோக்கியமேரி
கணுக்காலைப் பிடித்தாள்.
மேலே இரண்டு பேர் விழுந்தார்கள்.
என் நடுவிரல் நகம் கோட்டைத் தொட்டது.
கடைசி 'டி' அதற்கு முன்னாலா பின்னாலா,
நடுவருக்கு ஒரு கணக்கு
எனக்கு ஒரு கணக்கு.

அவுட்.

முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி நிற்கிறேன்.
இப்போது ரப்பர் தானாகச் சுருங்கினால் போதாது,
வயிற்றுத்தசை காற்றை அறைந்து வெளியேற்றுகிறது.
மூக்கு பத்தவில்லை. வாய்.
சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பில்
நுரையீரலின் உச்சிக்கு
ரத்தம் கொஞ்சமாகத்தான் ஏறும்.
தலைப்பில் தண்ணீர் இருந்தும்
கடைமடைக்கு முறை வராத கதை.
இந்த நிமிடம்
முறைவைப்பு இல்லை.
எல்லா வாய்க்காலும் திறந்துகிடக்கிறது,
பட்டா இல்லாத மூலைவயலிலும்
தண்ணீர் பாய்கிற சத்தம்
காதுக்குள் கேட்கிறது.

தையல்நாயகி வந்தாள்,
அவளும் எங்கள் வகுப்புதான்.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
நாடி பார்க்கிறாளாம்.
கண் என் பனியன் மேல் இருந்தது.
'நாற்பத்தாறு' என்றாள்.

பேச மூச்சில்லை.
இருந்திருந்தால்
சார்ட்டில் எழுதிக்கொள்
என்றிருப்பேன்.